ஜனவரி முப்பத்தொன்றுக்கு முன்னால்

முதுகைக் கொஞ்சம் சொறிந்துவிடச் சொன்னான் எபெர்த்தோ. இரண்டு கையிலும் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பசை. விரல்கள் ஒட்டிக்கொள்ளாமல் அகல விரித்து வைத்துக்கொண்டு, சிறகு காயவைக்கும் கோழி மாதிரி நின்றான். யுரைமா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

“மேல. இன்னும் மேல. அட, அது இடது பக்கம்டி.”

“மூணு வருஷமா சொறியறேன். உன் முதுகுக்கு ஒரு வரைபடம் போட்டுக் குடு.”

“வரைபடமா? பேப்பர்ல ஒண்ணும் எழுதக்கூடாதுன்னு நமக்குள்ள பேச்சு இருக்குல்ல?”

பட்டறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் ஜனவரி மாதம். புக்காரமாங்கா நகரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கறுப்பு ஷூ வேண்டும். சிரித்து முடித்ததும் வேலையில் குனிந்தார்கள். மறுநாள் காலை எபெர்த்தோவுக்குக் காய்ச்சல். நாலாம் நாள் மூச்சு வாங்கியது.

பேப்பரில் எழுதக்கூடாது என்ற அந்தப் பேச்சு வெறும் வேடிக்கை இல்லை. வெனிசுவேலாவிலிருந்து ஆற்றங்கரைக் கள்ளப் பாதையில் கொலம்பியாவுக்குள் நுழைந்து, வழியிலிருக்கும் பெர்லின் என்ற மலையின் குளிரில் மூன்று நாள் நடந்து புக்காரமாங்கா வந்தவர்கள் அவர்கள். கடவுச்சீட்டு கிடையாது, முத்திரை கிடையாது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில், உண்மைப் பெயரைச் சொன்ன ஒருவனை லாரியில் ஏற்றி எல்லைப் பாலத்துக்கே திருப்பி அனுப்பியதை எபெர்த்தோ கண்ணால் பார்த்திருந்தான். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டான்: எங்கேயும் பெயர் கொடுக்கக்கூடாது. அவன் ராஃபேல் பினேதா ஆனான். அவள் மார்த்தா ஆனாள். அறையை வாய்வார்த்தையில் வாடகைக்கு எடுத்தார்கள். ஃபோன் கார்டு வேறு யாரோ பெயரில். ஒருமுறை சுடுபசை கொட்டிக் கை வெந்தபோதுகூட மருந்தகத்தில் மார்த்தா பினேதாதான் கட்டுப் போட்டுக்கொண்டாள். ஊரில் வாங்கிய அடையாள அட்டைகள் இரண்டையும் அவரவர் ஷூவுக்குள், உள்ளட்டைக்குக் கீழே வைத்து அவனே ஒட்டிவிட்டான்.

ஆகவே ஆஸ்பத்திரி வாசலில், மூச்சுத் திணறலுக்கு நடுவிலும் அவன் வாயில் வந்தது பாடம் பண்ணிய பெயர்தான். ராஃபேல் பினேதா என்று எழுதிக்கொண்டு உள்ளே தள்ளிப் போனார்கள். கொரோனா காலம். அவளை உள்ளே விடவில்லை. எட்டு நாள் எதிர்ச்சாரி நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள்.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் யமிலே என்ற சமூகப் பணியாளர் வெளியே வந்து, “பினேதா குடும்பம் யாரு?” என்று கேட்டாள். கேட்ட விதத்திலேயே யுரைமாவுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு சின்ன அறையில் யமிலே படிவத்தை எடுத்து வைத்தாள். “ராஃபேல் பினேதா. பிறந்த தேதி சொல்லுங்க.”

யுரைமா படிவத்தில் இருந்த பெயரைப் பார்த்தாள். இந்தப் பெயரிலேயே விட்டுவிடலாம். எபெர்த்தோ இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் ஊரில், மரக்காய்போவில், அவனுடைய அம்மா இருக்கிறாள். இல்லாத ஒருவனைப் புதைத்த சீட்டை அவளுக்கு எப்படி அனுப்புவது?

“அது அவரு பேர் இல்லைங்க.”

யமிலே பேனாவைக் கீழே வைத்தாள். “அப்ப யாரு?”

“எபெர்த்தோ சாந்தோஸ் ரிங்கோன். நான் யுரைமா தெல் கார்மென் உர்தானேத்தா. அவர் பொண்டாட்டி.” மூன்று வருஷம் கழித்துத் தன் பெயரைச் சொன்னபோது யாரோ ஒருத்தியை அறிமுகம் செய்வதுபோல் இருந்தது. “போலீஸ்ல சொல்லிருவீங்களா?”

“நான் சாவை எழுதறவ. போலீஸ் வேலை எனக்குத் தெரியாது. ஏதாவது அத்தாட்சி இருக்கா?”

யுரைமா குனிந்து இடது ஷூவைக் கழற்றினாள். உள்ளட்டையை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். யமிலே மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை நீட்டினாள். அதுவும் வழுக்கியது.

“என்னங்க இது, சிமெண்ட் போட்டு வெச்சிருக்கீங்களா?”

“அவன் ஒட்டினா இப்படித்தான். முதலாளியே திட்டுவாரு, இவ்வளவு நாள் உழைச்சா அடுத்த ஜோடி யாரு வாங்குவாங்கன்னு.”

சொல்லிவிட்டு அழுதாள். எட்டு நாளில் அப்போதுதான் அழுதாள். யமிலே ஷூவைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், ஓரமாகக் கத்தரித்து அடையாள அட்டையை எடுத்துத் தந்தாள். பிறகு அவனுடைய ஷூவையும் கொண்டுவரச் செய்து அதிலிருந்ததையும் எடுத்தாள். ராஃபேல் பினேதா என்று சேர்க்கப்பட்டவரின் பெயர் மனைவியின் வாக்குமூலப்படி திருத்தப்பட்டது என்று எழுதினாள். இறப்பைப் பதிந்தபோது, அறிவித்தவர் என்ற இடத்தில் யுரைமாவின் முழுப்பெயரும் அட்டை எண்ணும் ஏறின. கையெழுத்துப் போட்டாள். தேதி, ஜனவரி இருபது.

வீட்டுக்கார ஒதிலியா அம்மாளிடமும் அன்றே சொல்லிவிட்டாள். அந்த ஊர்ப் பேச்சு எப்போதும் சண்டை போடுவது மாதிரிதான் இருக்கும். ஆனால் பெற்ற பிள்ளையைக்கூட நீங்க என்றுதான் சொல்வார்கள்.

“அப்ப என் வீட்ல மூணு வருஷமா குடியிருந்தது யாருங்க? பேயா?” என்று ஒதிலியா அம்மாள் இரைந்தாள். “இன்னும் எத்தனை பேர் வெச்சிருக்கீங்க? எல்லாத்தையும் இப்பவே சொல்லிருங்க, நான் கிழவி, ஒவ்வொண்ணா ஞாபகம் வெச்சுக்க முடியாது.” இரைந்துகொண்டே சூப் ஊற்றி வைத்தாள். துக்கம் காக்கும் ஒன்பது நாளும் அந்த அம்மாளே தெருப் பெண்களைக் கூட்டி, எபெர்த்தோ என்ற சரியான பெயரைச் சொல்லி ஜெபமாலை சொல்லவைத்தாள்.

பிப்ரவரி எட்டாம் தேதி அந்த அறிவிப்பு வந்தது. காகிதம் இல்லாத வெனிசுவேலாக்காரர்களுக்குப் பத்து வருஷ அனுமதி. ஒரே நிபந்தனை: ஜனவரி முப்பத்தொன்றாம் தேதிக்கு முன்னால் இந்த நாட்டுக்குள் இருந்ததற்கு, பெயரும் தேதியும் உள்ள ஏதாவது ஒரு சான்று.

அவளைப் போலவே வந்தவர்கள் நிறைந்த பட்டறை முழுவதும் சத்தம், கட்டிப்பிடித்தல். ஐந்து நிமிஷம் கழித்து ஒவ்வொருவனும் தன் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தான். எங்கேயும் எழுதாமல் பார்த்துக்கொள்வதில்தான் இத்தனை வருஷமும் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டியிருந்தார்கள்.

ஷூவுக்கு மேல்தோல் வெட்டும் வுயில்மான் மட்டும் மேசைமேல் ஏறி ஆடினான். ஊரடங்கின்போது முகக்கவசம் இல்லாமல் பியர் வாங்கப் போய்ப் போலீஸிடம் மாட்டியிருந்தான். அவர்கள் எழுதிக் கொடுத்த அபராதச் சீட்டில் அவன் உண்மைப் பெயர், தேதி, எல்லாம் இருந்தது.

“அந்தப் போலீஸ்காரனை நான் அப்ப என்னென்னமோ திட்டினேன்! இப்ப எங்க இருக்கான்? முத்தம் குடுக்கணும்!”

“முகக்கவசம் போட்டுக்கிட்டுக் குடு,” என்றான் பக்கத்திலிருந்தவன்.

முதலாளி அர்ஹெமிரோ, “மார்த்தா, உனக்கு நான் கடுதாசி தரேன்மா. ஆனா சம்பள நோட்டுல மூணு வருஷமும் மார்த்தான்னுதானே இருக்கு? யுரைமான்னு நான் எழுதினா, எங்கடா அந்த யுரைமான்னு கேப்பாங்களே,” என்று தலையைச் சொறிந்தார். அவள் வேண்டாம் என்றாள். பொய்க் காகிதம் கொடுத்து மாட்டினால் வாழ்நாள் முழுக்கக் கதவு சாத்திவிடும்.

உண்மையில் அறிவிப்பைக் கேட்ட அந்தக் கணமே அவளுக்குத் தெரியும். அறையில் ஷூ டப்பாவுக்குள் அந்த இறப்புப் பதிவுச் சீட்டு இருக்கிறது. மூன்று வருஷத்தில் இந்த நாடு அவள் பெயரை எழுதிய ஒரே இடம். ஆனால் அது அவன் சாவை எழுதிய சீட்டு என்பதாலேயே, மே மாதம் அனுமதிக்குப் பதிவு தொடங்கிய பிறகும் அதைத் தொடவில்லை. அவன் சாவைக் காட்டி உள்ளே நுழைவதா? காட்டாவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் போகவேண்டி வரலாம். அவன் இங்கே தனியாகக் கிடப்பான். அதுவும் தெரியும்.

ஜூன் மாதம் ஒரு காலையில் ஒதிலியா அம்மாள் அரேப்பா தட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மஞ்சள் மக்காச்சோள மாவில் சுட்ட அந்த ஊர் ரொட்டி. எபெர்த்தோவுக்குக் கடைசிவரை பிடிக்காதது.

“எப்பங்க எழுதிக் குடுக்கப் போறீங்க?”

“முடியலைம்மா. அவனை வித்துத் திங்கற மாதிரி இருக்கு.”

“யாருங்க வாங்கறது அவரை? அவர் முகத்துக்கு யார் காசு தருவாங்க?” என்றாள் ஒதிலியா அம்மாள். யுரைமாவுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “நல்லாக் கேளுங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில பினேதான்னே விட்டிருக்கலாம். பயந்துக்கிட்டு ஓடியிருக்கலாம். ஓடலையே? அவருக்கு அவர் பேரைக் குடுத்தீங்க. அதுலதான் உங்க பேரும் ஏறுச்சு. அது சாவுச் சீட்டு மட்டும் இல்லைங்க, நீங்க உண்மை சொன்னதுக்கு ரசீது. எழுந்திருங்க, தலை சீவுங்க.”

பங்குக் கோயில் மண்டபத்தில் பதிவுக்கு உதவ மேசைகள் போட்டிருந்தார்கள். யுரைமாவின் முறை வந்தபோது மேசையில் இருந்த பருத்த மனிதர் சீட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். திருத்தக் குறிப்பில் நின்றார். இரண்டாம் முறை படித்தார்.

“இவரு உங்க...?”

“புருஷன்.”

“முதல்ல வேற பேர் இருந்திருக்கு.”

“நான்தான் மாத்தினேன். அதுதான் நிஜம்.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “பதினொரு நாள் முன்னாடி,” என்றார் மெதுவாக. “இது போதும்மா. இதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க.” படம் எடுத்து ஏற்றிவிட்டு, சீட்டை மடிக்காமல் இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

எத்தனையோ நாடுகள் வாசலில் நிறுத்தி என்ன படித்தாய், எவ்வளவு வைத்திருக்கிறாய், எத்தனை வயது என்று கேட்கின்றன. அவளிடம் அதற்கெல்லாம் பதில் இருந்ததில்லை. இந்த நாடு ஒன்றே ஒன்று கேட்டது: அன்றைக்கு இங்கே இருந்தாயா? இருந்தேன் என்று அவளால் சொல்ல முடிந்தது. அதற்காக அவள் இந்த நாட்டுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. யமிலேவுக்குச் சொன்னாள், புது ஜோடி ஷூ தைத்துக் கொண்டுபோய் நேரில் கொடுத்துச் சொன்னாள். ஒதிலியா அம்மாளுக்குச் சொன்னபோது, “அழாதீங்க, தரை ஈரமாகுது,” என்று வந்தது பதில்.

ஆனால் வுயில்மானின் தங்கை அதே ஆற்றங்கரைப் பாதையில் பிப்ரவரி இரண்டாம் தேதி வந்துசேர்ந்தவள். இரண்டு நாள் பிந்திவிட்டது. யுரைமாவின் பக்கத்து இயந்திரத்தில்தான் உட்கார்ந்து தைக்கிறாள், வேறு ஏதோ பெயரில். அவள் எதிரில் யுரைமா அனுமதி அட்டையை வெளியே எடுப்பதில்லை.

அட்டை வந்தது மறு வருஷம் மார்ச்சில். தன் முகம், தன் முழுப்பெயர். அதை எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே நகராட்சிக் கல்லறைக்குப் போனாள். எபெர்த்தோ இருப்பது சவப்பெட்டிகளை அடுக்கடுக்காக உள்ளே வைத்து மூடும் சுவரில், கீழிருந்து நாலாவது வரிசை. எபெர்த்தோ சாந்தோஸ் ரிங்கோன் என்று சிமெண்டில் கீறியிருக்கிறது. எட்டித் தொட ஏணி வேண்டும். அவளுக்கு முன்னால் ஏணிக்காகப் பூவோடு ஆறு பேர் நின்றார்கள். அவளும் நின்றாள்.

இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு போகிறாள். அந்தச் சுவர் முழுவதற்கும் இன்னும் ஒரே ஏணிதான்.