ஆர்லிஸ் கையிலிருந்த சீட்டு

பேஸ்பாலில் பதினேழு வருடம் பந்து எறிந்தேன். இருநூற்றுப் பதினோரு ஆட்டம் ஜெயித்தேன். என் முகம் போட்ட அட்டையை ஒஹாயோவில் பொடிசுகள் இன்னமும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கின்றன. வைத்திருக்கட்டும். ஆனால் டேல் கோசியாக் என்று சொன்னால் எவரும் அந்த இருநூற்றுப் பதினொன்றைப் பேசுவதில்லை. ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் பேசுவார்கள். அப்பா உயிருக்குப் போராடுவது தெரியாமலே, எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, மட்டையில் அடித்து ஓடிப் பிழைக்க ஒரு பந்துகூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்த மகன். பேப்பர்க்காரர்கள் எழுதித் தள்ளினார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். துக்கமாவது ஒன்றாவது. வெட்கம்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. பந்து எறிகிறவன் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஐந்து இன்னிங்ஸ் தாண்டிவிட்டால், சொந்த அணிக்காரர்கள் அவனிடம் பேச மாட்டார்கள். பக்கத்தில் உட்கார மாட்டார்கள். வாயைத் திறந்தால் கண் பட்டுக் காரியம் கெட்டுவிடும் என்று நம்பிக்கை. காலேஜ் படித்தவனும் இதை நம்புவான். கடவுளே இல்லை என்று சொல்கிறவனும் நம்புவான். பெஞ்சின் ஒரு கோடியில் அம்மை போட்டவனைப் போல அவனைத் தனியாக விட்டுவிடுவார்கள்.

அது ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். இதயம். டயர் ஃபேக்டரியில் முப்பது வருடம் நின்ற மனிதருக்குக் கட்டிலில் படுக்கவே தெரியாது. ஆஸ்பத்திரி எங்கள் மைதானத்திலிருந்து காரில் பத்து நிமிடம். காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அரைக் கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு, "போன வாரம் நீ எறிஞ்ச லட்சணத்த ரேடியோல கேட்டேன், கேக்கச் சகிக்கல" என்றார். அக்கா லொரெய்ன் பக்கத்தில் இருந்தாள்.

ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தேன். இன்னிங்ஸுக்கு மூன்று பேராகப் பதினெட்டுப் பேரை அவுட்டாக்கி அனுப்பியாயிற்று. இன்னும் ஒன்பது பேர். அப்போது உள்ளே இறங்கும் படிக்கட்டில் ஆர்லிஸ் பீபிள்ஸ் ஏறி வந்தார். எங்கள் உடுப்புகளைத் துவைத்து, ஷூவில் மண் சுரண்டி வைப்பவர். ஆட்டம் நடக்கும்போது அவர் மேலே வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு சீட்டு.

ஐந்தடி தள்ளி நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். படித்துக் காட்டத் தேவையே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

இதைத்தான் யாருக்கும் சொன்னதில்லை. பேசக்கூடாது என்ற பழக்கம் மற்றவர்களுக்குத்தான், எனக்கு இல்லை. "என்ன ஆர்லிஸ்?" என்று நான் கேட்டிருந்தால் போதும், அவர் சொல்லியிருப்பார். அவர் என் கண்ணைப் பார்த்தார், நானும் அவர் கண்ணைப் பார்த்தேன். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பி, துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். துண்டுக்குள் உட்கார்ந்து, அவர் போய்விட வேண்டும் என்று வேண்டினேன். போய்விட்டார்.

இன்னும் கேவலமானது என்னவென்றால், அதன்பிறகு நன்றாக எறிந்தேன். கை நடுங்கியது, கண் கலங்கியது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது இன்னிங்ஸில், இன்னும் அரை மணிநேரம் அப்பா தாங்கமாட்டாரா என்று கணக்குப் போட்டேன். எட்டாவதில் அவர் நினைப்பே வரவில்லை. எட்டாவதில்தான் போயிருக்கிறார்.

கடைசி ஆள் அவுட் ஆனதும் என்னைத் தோளில் தூக்கினார்கள். உள்ளே வந்ததும் ஆர்லிஸ் சீட்டைக் கொடுத்தார். 'உடனே வரவும். லொரெய்ன்.' சுற்றிலும் நிருபர்கள். நான் சத்தமாகக் கேட்டேன்: "ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?"

ஆர்லிஸ் குனிந்து, கீழே கிடந்த ஷூக்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் லொரெய்ன் என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்பா கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா? 'அவன்கிட்ட சொல்லியிருக்க மாட்டானுங்க, சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பான்'னாருடா." அதையே அவள் நிருபர்களிடமும் சொன்னாள். மறுநாள் பேப்பரில் ஆர்லிஸ் பெயர் வந்தது. செத்துக்கொண்டிருந்தவரின் மகனிடம் சீட்டைக் கொடுக்காத மூடநம்பிக்கைக்காரர். அடுத்த வருடம் அவரை ஏதோ ஒரு சின்ன ஊர் அணிக்குத் துணி துவைக்க அனுப்பிவிட்டார்கள். ஆட்டம் நடந்த வருடத்தில் சிறந்த பந்து எறிபவருக்கான கோப்பை எனக்கு. நன்றி சொல்லும்போது அப்பா பெயரைச் சொன்னேன், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பத்தொன்பது வருடம் கழித்து, என் சட்டை எண்ணை இனி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, மைதானச் சுவரில் எழுதி விழா வைத்தார்கள். பழைய ஆட்கள் எல்லோருக்கும் அழைப்பு. ஆர்லிஸுக்கும்.

"அந்த ஆளு வந்தா நான் வரமாட்டேன்" என்றாள் லொரெய்ன் போனில்.

"எனக்காக வா. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தேன். இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விழா தொடங்குவதற்கு முன்பே. ஒரு வாரம் முகச்சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். அவரைப் பார்த்தேன் லொரெய்ன், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான், ஒரு வரி.

அன்று மதியம், பார்வையாளர் வரிசைக்குக் கீழே இருக்கும் அறையில் மூன்று பேரும் நின்றோம். ஆர்லிஸுக்கு எண்பத்தொரு வயது. கோட்டு தோளில் நிற்கவில்லை. லொரெய்ன் நேராக அவரிடம் போனாள்.

"சீட்டு உங்க கையிலதானே இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அவன் தோளத் தொட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? உங்களுக்கு ஆட்டம் பெருசா, பெத்த அப்பன் பெருசா?"

"லொரெய்ன், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். ஆர்லிஸ் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு என்னோடதும்மா. மேல போனேன். தம்பி அந்தப்பக்கம் பாத்துட்டு இருந்தாப்ல, என்னக் கவனிக்கல. கூப்பிட எனக்குத்தான் தைரியம் வரல, இறங்கிட்டேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் எட்டு மணிநேரம் பஸ்ல வந்தேன்."

இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. மேலே நாற்பதாயிரம் பேர் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். லொரெய்ன் அழத் தொடங்கினாள். ஆர்லிஸின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? போதும்ங்க. எனக்கும் வயசாச்சு, இதச் சுமந்துகிட்டே இருக்க முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "டேல், நீயும் அவர மன்னிச்சிடுடா."

ஆர்லிஸ் என்னிடம் கையை நீட்டினார்.

அதைப் பிடித்தேன். "மன்னிச்சிட்டேன், ஆர்லிஸ்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. போங்க, கூப்பிடுறாங்க."

அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். கொஞ்சமாவது இருந்திருக்கலாம். இல்லை.