முகத்துவாரத்துத் தடிகள்

கொக்கிளாய்க் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் வலை கட்டுவது நாங்களா, அக்கரை ஊரா என்று ஒவ்வொரு வருடமும் அந்தோனியார் திருநாள் முடிந்ததும் கோயிலில் சீட்டெடுப்போம். சீட்டு விழாத ஊர் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த வருடம்வரை பொறுத்திருக்கும். இந்த முறை சீட்டே வேண்டாம், முகத்துவாரம் எங்களுக்குத்தான் என்று எல்லைத்தடி நட்டவர் எங்கள் சங்கத் தலைவர் அல்பேர்ட். என் மனுசன்தான்.

அந்தாள் தனியாகவா நட்டது? ஊரே நின்று கை தட்டியது. பிறகு அவர்கள் எங்கள் வலைகளை அறுத்தார்கள், எங்கள் ஆட்கள் அவர்களின் வள்ளங்களைக் கொளுத்தினார்கள். எனக்கு எல்லாம் அலுத்துவிட்டது. என் மகள் ஆன்சலா வாழ்க்கைப்பட்டது அக்கரையில். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம். தலைப்பிள்ளைக்குத் தாயின் தகப்பன்தான் ஞானத்தகப்பனாக நிற்பது எங்கள் வழக்கம்.

சனிக்கிழமை காலை அல்பேர்ட் தடிகளைப் பிடுங்க வள்ளத்தில் ஏறினார். தடி நட்ட அன்று எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிய றொனால்ட் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டான்.

"நட்டவன் நானடா. நானே புடுங்கிறன்."

"இப்ப அது ஊரின்ர தடி, அண்ணை. இறங்குங்கோ."

"அப்ப நான் தலைவர் இல்லை."

"சரி. இறங்குங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வெக்கங்கெட்டதுகளே! நாளைக்குத் தோத்தால் எல்லாம் அல்பேர்ட் செய்த வேலை எண்டுதானே சொல்லப்போறியள்?" என்று கரையில் நின்ற சனத்தைப் பார்த்துக் கத்தினேன். அல்பேர்ட் வள்ளத்தை விட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து ஆன்சலாவுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அப்பா இப்ப தலைவர் இல்லை. உன்ர பிள்ளைக்கு அம்மப்பா, அவ்வளவுதான். நாளைக்கு றோட்டாலை வாறம்."

"வேண்டாம் அம்மா. அப்பா கோயில் வாசல் மிதிக்கக்கூடாதெண்டு இஞ்சை கூட்டத்திலை முடிவெடுத்திட்டினம்."

"ஆர், உங்கட தலைவரோ?"

"ஐயோ, அவர் அப்பா வரட்டும் எண்டுதான் சொன்னவர். சனம் விடேல்லை."

"உன்ர மனுசன்?"

"அவரும் கை உயர்த்தினவர்."

அவளுடைய பிள்ளை அழுவது கேட்டது. அவள் அதைத் தட்டித் தட்டி ஆற்றினாள். அடுத்த கேள்வியை நான் கேட்காமல் விட்டிருக்கலாம்.

"நீ என்ன செய்தனீ?"

"எரிஞ்சதிலை எங்கட வள்ளமும் ஒண்டம்மா," என்றாள். "நானும்தான் உயர்த்தினனான்."