சுவரில் லோகநாயகி

லோகநாயகியின் வாயைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வரைந்திருக்கிறார்கள் என்று முதலில் வந்து சொன்னவள் ஜமுனா. இருவரும் ஏரிக்கரையில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் திருப்பாலைவனம் போய்த் தெருத்தெருவாக விற்கிறவர்கள். ஜமுனா வந்தபோது லோகநாயகி வாசலில் உட்கார்ந்து இறாலில் சேறு போக அலசிக்கொண்டிருந்தாள்.

“வாயா? யாரு வாய?”

“உன் வாயத்தான்க்கா. இம்மாம் பெருசா. உன் பொண்ணுதான் போட்டுதாம். நாம ஆட்டோக்கு நிக்கற எடத்துக்கு நேர் எதிர்க்க.”

“சும்மா இரு, ஜமுனா. காலங்காத்தால பேஜார் பண்ணாத.”

“நீயே போய்ப் பாரு. அந்த ஓட்டைப் பல்லு கூடத் தெரியுது.”

லோகநாயகி நாக்கால் அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மேல்வரிசையில் அந்தப் பல் போய் வருஷங்கள் ஆகின்றன. அதைப் பற்றி இதுவரை ஊரில் யாரும் ஒரு பேச்சுப் பேசியதில்லை.

அவள் மகள் நந்தினி ஒன்பதாம் வகுப்பு. குப்பத்துக்கு வெளியே ரோட்டோரம் இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். புயலில் விழுந்த மதில் சுவரைப் புதிதாகக் கட்டி வெள்ளையடித்த கையோடு, ஓவிய விழா ஒன்று நடத்தலாம் என்று அம்பிகா டீச்சர் சொல்லியிருந்தார். அம்பிகா பொன்னேரியிலிருந்து வாரத்தில் சில நாள் மட்டும் வந்து போகிற ஓவிய ஆசிரியை. ஒவ்வொரு வகுப்புக்கும் சுவரில் ஒரு பாகம் என்று பிரித்துக் கொடுத்தார். ஆறாம் வகுப்புக்குப் பறவைகள், ஏழாம் வகுப்புக்குப் படகுகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருக்கிற ஒருவரைத் தாளில் வரைந்து வரவேண்டும்; அதில் நன்றாக இருப்பதைச் சுவரில் பெரிதாக எழுதுவது என்று ஏற்பாடு. நந்தினி இதையெல்லாம் வீட்டில் சொல்லியிருந்தாள். யாரை வரைந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

லோகநாயகி இறாலை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

படம் ஆள் உயரத்தைவிடப் பெரிதாக இருந்தது. பூப்போட்ட, சாயம் போன நீல நைட்டி. தோளில் துண்டு. இடுப்பில் அலுமினிய அன்னக்கூடை. வலது கை மேலே ஓங்கியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. வாய் நன்றாகத் திறந்திருந்தது. ஓட்டைப் பல் ஜமுனா சொன்னபடியே தெரிந்தது. கீழே பெயர் எதுவும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை.

லோகநாயகி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவள் வீட்டுக் கண்ணாடி சின்னது. பொட்டு வைக்கும்போது பார்ப்பாள், அப்போது முகம் அசையாமல் இருக்கும். கல்யாண போட்டோவில் வாய் மூடியிருந்தது. ஆதார் அட்டையிலும் வாய் மூடித்தான் இருந்தது. பேசுகிறபோது, அதிலும் கத்துகிறபோது, தன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. ஊரில் மற்ற எல்லோரும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆட்டோவுக்காக நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

தலைமையாசிரியர் தருமன் விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள்ளாகவே எழுந்துவிட்டார். ஊரோடு வம்பு என்றால் அவருக்கு ஆகாது. “உங்களுக்குப் பிடிக்கலன்னா அழிச்சிடலாம்மா. இதுல ஒண்ணும் இல்ல. டீச்சர், அழிச்சிடுங்க.”

அம்பிகா டீச்சர் அவசரப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, லோகநாயகியை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்கம்மா. முக்கால்வாசிப் பிள்ளைங்க அம்மாவத்தான் வரைஞ்சாங்க. பூ வச்சி, பொட்டு வச்சி, நகை போட்டு. எல்லாம் ஒரே அம்மா மாதிரி இருந்தது. இது ஒண்ணுதான் ஒரு ஆளா இருந்தது. அதனாலதான் எடுத்தேன்.”

“எனக்கு அதெல்லாம் தெரியாது டீச்சர். ஊர் சிரிக்குது. உங்க வூட்ல உங்கள இந்த மாரி போட்டா வுடுவீங்களா?”

அம்பிகா யோசித்தார். “தெரியல,” என்றார். பிறகு நந்தினியைக் கூட்டிவரச் சொன்னார்.

நந்தினி வந்தாள். முழங்கை வரைக்கும் பெயின்ட். அம்மாவைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று தெரிந்துகொண்டாள். பயப்பட்ட மாதிரி தெரியவில்லை.

“ஏண்டி, உங்கம்மா சிரிச்சி நீ பாத்ததே இல்லியா? இதான் கெடச்சிதா உனக்கு?”

“அன்னிக்கு ஏலத்துல மடவைக்குப் பேசினியே, அப்போ பாத்தது.”

லோகநாயகிக்கு நினைவு வந்தது. போன மாதம் ஏலம் விடுகிற முரளி, பொம்பளைகள் கேட்டு முடிப்பதற்குள் வேனில் வந்த வெளியூர் வியாபாரிக்கு மடவை மீனை மொத்தமாகத் தள்ளிவிடப் பார்த்தான். லோகநாயகி போட்ட சத்தத்தில் ஏலத்தை மறுபடி முதலிலிருந்து விடவேண்டியதாயிற்று. அன்று லீவு நாள். கூடை தூக்க நந்தினியும் வந்திருந்தாள்.

“அது சண்டைடி. சண்டையப் போயி யாராவது படமாப் போடுவாங்களா?”

நந்தினி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர், “உன் படம், நீயே முடிவு பண்ணு,” என்றார்.

“சரிம்மா. வாய மூடிடறேன்.”

“நைட்டியும் வேணாம். துண்டும் வேணாம். மாமா கல்யாணத்துக்குக் கட்டினனே, மாம்பழக் கலர் பட்டு, அதப் போடு.”

“சரி.”

“கைய எறக்கு.”

“சரி.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று லோகநாயகி எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குத் திரும்பிப் போகும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

நந்தினி சொன்னபடி செய்தாள். அரைகுறையாகச் செய்யவில்லை, சரிகை ஓரம் வரைக்கும் பொறுமையாக எழுதினாள். சுவரில் இப்போது மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதன்பிறகு ஆட்டோவுக்கு நிற்கிற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக்குளத்துப் பக்கமிருந்து வருகிற எல்லம்மா என்கிற கிழவி ஒருநாள், “இது இன்னா, ஜவுளிக் கடை விளம்பரமா?” என்று கேட்டாள். ஜமுனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். லோகநாயகி கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை இரண்டாம் தரம் நின்று பார்க்கவேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

விழா ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. மைதானத்தில் பந்தல் போட்டு, மைக் கட்டியிருந்தார்கள். கல்வி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பழசாகிக் கழித்துப்போட்ட வலை மிதவைகளையெல்லாம் பொறுக்கி வந்து, கண்ணும் மூக்கும் எழுதி, வாசலிலிருந்து மேடை வரைக்கும் கயிற்றில் தோரணம் கட்டியிருந்தார்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். நண்டு ஓட்டில் முகமூடி செய்து மாட்டிக்கொண்டு நாலைந்து பேர் பெற்றவர்களுக்கு நடுவே ஓடித் திரிந்தார்கள். ஏழாம் வகுப்பில் படகு எழுதிய பையன்களுக்குள் இன்ஜினை எந்தப் பக்கம் வைத்திருக்கவேண்டும் என்று இன்னும் தகராறு தீரவில்லை. பெயின்டு டப்பாவோடு ஒருவன் அதிகாரி வருகிறவரைக்கும் திருத்திக்கொண்டே இருந்தான். பொடிசுகள் உள்ளங்கையில் சாயம் தேய்த்துத் தண்ணீர்த் தொட்டி முழுக்க அப்பியிருந்தார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. இவ்வளவு சத்தத்தை அந்தப் பள்ளிக்கூடத்தில் லோகநாயகி கேட்டதில்லை.

அவள் அன்று விற்கப் போகவில்லை. புருஷன் தேவேந்திரனும் ஏரிக்கு வலை எடுத்துப் போகாமல் வந்திருந்தான். அவள் அதே மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுவர்ப் படத்துக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் படத்தைப் பார்த்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று அதைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார்கள். அதிகாரி நகர்ந்து நகர்ந்து வந்தார். நந்தினியின் முறை வந்தது.

“யாரும்மா இது?” என்று அதிகாரி கேட்டார்.

நந்தினி மைக்கை வாங்கிக்கொண்டாள். “இது எங்கம்மா சொல்லிப் போட்ட படம், சார். நான் போட்ட படம் இதுக்கு அடியில இருக்குது.”

குரலில் கோபம் எதுவும் இல்லை. ஏதோ விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். அதிகாரி அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்துக் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. விஷயம் தெரிந்த குப்பத்துக்காரர்கள் மட்டும் தலையைத் திருப்பி லோகநாயகியைப் பார்த்தார்கள். தருமன் சார் அவசரமாக அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

லோகநாயகிக்கு முகம் சுட்டது. அவமானம் என்று சொல்லமுடியாது; அவமானம் அவளுக்குப் பழகின சமாச்சாரம், இது வேறு மாதிரி இருந்தது. தேவேந்திரன் மெதுவாக, “பொண்ணு நல்லாத்தான் பேசுது,” என்றான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கேசரி கொடுத்தார்கள். வாங்கித் தின்றாள்.

வீடு திரும்பும்போது தேவேந்திரன் முன்னால் நடந்தான். அம்மாவும் மகளும் பின்னால். காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தது.

“அந்த மேல் பெயின்ட்ட சொரண்டினா அடியில இருக்கறது வருமா?” என்று லோகநாயகி கேட்டாள்.

“வராது. ரெண்டும் சேந்துதான் பேந்துகினு வரும்.”

“அப்போ வேற போடு.”

“அதுமாரி வராதும்மா.”

ரோட்டை விட்டுக் குப்பத்துக்குள் திரும்பினார்கள்.

“அப்டி கத்தற பொம்பளைன்னு எல்லார் முன்னாடியும் காட்டிட்டியேன்னுதான் எனக்கு,” என்றாள் லோகநாயகி.

“நான் அதுக்குப் போடல.”

“பின்ன எதுக்கு?”

நந்தினி யோசித்தாள். “தெரியல. அன்னிக்கு எல்லாரும் வாய மூடிகினு நின்னாங்க. நைனா கூட. நீ ஒருத்திதான் பேசின. நல்லா இருந்திச்சி.”

முன்னால் போன தேவேந்திரனுக்கு அது காதில் விழுந்திருக்கவேண்டும். அவன் நடையை எட்டிப் போட்டான். லோகநாயகிக்கு ஏலத்தில் கிடைக்கிற குரல் இதற்கெல்லாம் கிடைப்பதில்லை.

மறுவாரம் அம்பிகா டீச்சர், சுவர் திரும்புகிற மூலையில் மிச்சம் கிடந்த வெள்ளை இடத்தை நந்தினிக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் கொடுத்தார். எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றார். நந்தினி வீட்டில் அதைச் சொன்னபோது லோகநாயகி மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள்; தலை தூக்கவில்லை.

“நீ வந்து பாக்கக் கூடாது. முடிக்கற வரைக்கும்.”

“நான் ஏண்டி வரப்போறேன்.”

அவள் போகவும் இல்லை. ஆட்டோவுக்குக் காத்திருக்கையில் அந்த மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜமுனா எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “எனக்குச் சொல்லாத,” என்று லோகநாயகி அடக்கினாள்.

படம் முடிந்த அன்று நந்தினியே வந்து கூப்பிட்டாள். ஆட்டோவுக்கு நின்ற பொம்பளைகள் எல்லோரும் போய் நின்றார்கள். சுவரில் அவர்கள்தான் இருந்தார்கள்: அன்னக்கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி, முதுகு தெரிய நிற்கிற பெண்கள். ஒருத்தி குனிந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஒருத்தி அடுத்தவள் முதுகில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள்.

“இது நானு,” என்றாள் ஜமுனா. “என் ஜாக்கெட்டு.”

“அந்தத் தூங்குமூஞ்சி யாரு? எல்லம்மாதானே?”

“நான் எங்கடி தூங்கினேன்!”

ஆளாளுக்குச் சுவரில் விரலை வைத்து அடையாளம் சொன்னார்கள். லோகநாயகி ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி முதுகு வரைக்கும் வந்தும் தன்னைக் காணவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

“நீ இல்லம்மா,” என்றாள் நந்தினி.

“ஏன்?”

“உன்னப் போட்டா கைய எறக்கு, வாய மூடுன்னு நீ வந்து நிப்ப.”

லோகநாயகிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஜமுனாவின் கொண்டை இன்னும் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி, ஓரத்து இடத்தில் உட்கார்ந்தாள்.