குழாய்க்கு வெள்ளிப் பூச்சு

என் வீட்டுக்காரர் வேலாயுதத்துக்கு ஜீப் என்றால் உயிர். கிள்ளானைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்ப்பது அவர் தொழில். வண்டி வாங்கியதும் பத்துமலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, முன்னால் முருகன் படத்தை ஒட்டினார். அன்றிலிருந்து யாரும் அதில் செருப்போடு ஏறக்கூடாது. சேற்றில் புரள்கிற வண்டிக்கு இப்படி ஒரு சட்டம்! நான் எவ்வளவோ கத்திப் பார்த்துவிட்டேன். மனிதர் கேட்டால்தானே.

எங்கள் ஒரே மகள் ரமணி. வேலைக்குப் போகும்போது பஸ் மோதியதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். பேசியவர்கள் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவளை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். திரும்பி வரும்போது தலையெல்லாம் செம்மண் புழுதி, வாய் ஓயாத பேச்சு. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை அவள் தள்ளினாள்.

ஒரு ஞாயிறு சக்கரம் சேற்றில் சிக்கி, இஞ்சின் வெகுநேரம் உறுமியிருக்கிறது. அடியில் ஓடும் எக்ஸாஸ்ட் குழாய் பழுக்கக் காய்ந்து, மேலே இருந்த தகரத் தளமும் கொதித்திருக்கிறது. அதன்மேல் ரமணியின் வெறுங்கால். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். வீட்டில் இறக்கும்போது நான்தான் பார்த்தேன். உள்ளங்காலில் தோலே இல்லை. புண் ஆற மாதக்கணக்கானது. இன்னொரு முறை இப்படியானால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

புண் ஆறியதும், சூடு மேலே ஏறாமலிருக்கக் குழாய்க்குச் சூடு தாங்கும் வெள்ளிப் பூச்சு அடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் மெக்கானிக் அய்யாவுவின் பட்டறைக்குக் கிளம்பினார். இவரை நம்பாமல் நானும் கூடப் போனேன்.

"உண்மையச் சொல்றேன்ண்ணே," என்றான் அய்யாவு. "தார் ரோட்டு வண்டின்னா இது நிக்கும். நீங்க கல்லுலயும் சேத்துலயும் போறீங்க, சுடச்சுடத் தண்ணில எறக்குறீங்க. உரிஞ்சிடும் லா. சூடும் கொஞ்சந்தான் கொறையும். நடுவுல ஒரு தகரம் வச்சு மறைச்சுத் தரேன். ரமணி காலுக்குச் சப்பாத்து போட்டு விடுங்க. போதும்."

"போதும்னு முருகன் மேல சத்தியம் பண்ணுவியா?" என்று கேட்டார் இவர்.

அய்யாவு குனிந்து குழாயில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினான்.

"அப்ப ரெண்டையும் செய்."

நானும் சும்மா இருக்கவில்லை. செருப்புச் சட்டம் ஒழியட்டும் என்று ஜீப்பிலிருந்த முருகன் படத்தை எடுத்து வீட்டுச் சாமி மேடையில் வைத்தேன். ரமணிக்குக் காலை முழுக்க மூடும் சப்பாத்து வாங்கினேன்.

முதலில் அவர் தனியாகத் தோட்டத்துக்கு ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்ததும் தளத்தில் கை வைத்தேன். வெதுவெதுவென்றுதான் இருந்தது. அவரோ வண்டிக்கு அடியில் புகுந்து, குழாயின் வளைவில் கல்லடித்துப் பூச்சு உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"தளம் சுடவே இல்லையே, இன்னும் என்ன?" என்றேன்.

"இன்னைக்குச் சுடல. நாளைக்கு அந்தத் தகரமும் கழண்டு விழுந்தா? அவளுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

வாசலில் ரமணி பவுடர் பூசி, சப்பாத்து மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே, "வேணாம்மா. இனிமே ஜீப்பு வேணாம்," என்றார்.

அவள் அழவில்லை.

"கால் சுட்டா எனக்குத் தெரியாதுப்பா," என்றாள். "வீட்டுல கெடக்குறது தெரியுது."

அடுத்த ஞாயிறும் அவர் தனியாகத்தான் போனார்.