தரை அதிராமல்

மூளைக்காய்ச்சலிலிருந்து சுவிசேஷமுத்து பிழைத்து எழுந்தார். ஆனால் இரண்டு காதும் போய்விட்டது. தாம்பரத்தில் ஒரு தேவாலயத்தில் இருபது வருஷம் ஆர்கன் வாசித்த மனிதர். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. ஒருநாள் மத்தியானம் ரயில் தண்டவாளத்தை ஒட்டி நின்றவரை யாரோ கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

"அங்கே எதுக்குப் போனீங்க?" என்று அவர் மனைவி ஹில்டா தாளில் எழுதி நீட்டினாள். அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஹில்டாவின் தம்பி எட்மண்ட் ரேடியோ மெக்கானிக். கனமான பலகையில் ஆள் இடுப்பளவு பெட்டி செய்து, பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பொருத்திக் கொண்டுவந்தான். "இது சப்-வூஃபர், அக்கா. கீழ்ச்சத்தம் மட்டும் வரும். மாமாவுக்குக் கேக்காது, ஆனா தெரியும்."

ஆர்கன் கேசட்டைப் போட்டார்கள். சுவிசேஷமுத்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். விரல்களை விரித்து அழுத்தினார். "இது பெடல்," என்றார் திடீரென்று. "கால்ல வாசிக்கிறது." அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

கீழ்க்கட்டளையில் அவர்கள் குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்காரர் அரிகிருஷ்ணன். அவர் மனைவி காந்திமதிக்கு இரண்டு கர்ப்பம் கலைந்து, மூன்றாவது இப்போது ஐந்தாம் மாதம். கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் மேலே பெட்டி ஓட ஆரம்பித்தால் கீழே அலமாரிக் கண்ணாடி கடகடக்கும், கட்டில் நடுங்கும்.

"அக்கா, வயித்துக்குள்ளயே இடிக்கிற மாதிரி இருக்குக்கா," என்று காந்திமதி அழுதாள். "எனக்குப் பயமா இருக்கு."

ஹில்டா பெட்டிக்கு அடியில் பஞ்சு மெத்தை போட்டாள். பாரத்தில் அது அப்பளமாய் அமுங்கிப்போனது. தேங்காய் நார் விரிப்பு போட்டாள். மேஜைமேல் தூக்கி வைத்தாள்; மேஜையும் சேர்ந்து அதிர்ந்தது. சத்தத்தைக் குறைத்தால் கணவர் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அரிகிருஷ்ணன் படியேறி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க. இதுவும் போச்சுன்னா அவ தாங்க மாட்டா."

ஹில்டா பெட்டியை நிறுத்தினாள். நான்காம் நாள் சுவிசேஷமுத்து மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஆறாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டார். வேறு வீடு போனாலும் அங்கேயும் கீழே யாராவது இருப்பார்கள். பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு எழுத வந்தது என்னவென்றே மறந்துபோனது. கர்த்தரே, மேலே ஒரு உயிர், கீழே ஒரு உயிர், நான் எதைப் பிடித்துக்கொள்வேன்?

அன்று சாயங்காலம் மேடவாக்கம் ரோட்டில் நடந்து வரும்போது, சுமை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. மேலே ஆளுயரக் கண்ணாடித் தகடுகள். ஒன்றில்கூட விரிசல் விழவில்லை. தகடுகளுக்கு அடியில் ஸ்கூட்டர் டியூப்கள். ஹில்டா ஓடிப்போய் வண்டியை மறித்தாள்.

"இன்னாம்மா, வண்டில வுயுந்து சாவணுமா?" என்றான் வண்டிக்காரன். பெயர் மாரி.

மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டான்.

"காத்து கம்மியா வெக்கணும்மா. ஃபுல்லா அடிச்சா டியூப்பு கல்லு மாதிரி ஆயிடும், குலுக்கல் அப்படியே ஏறும். மேல வெயிட்டும் நல்லா வேணும். லேசா இருந்தா துள்ளும்."

ஞாயிறன்று மாரி நான்கு பழைய டியூப்களோடு வந்தான். அவற்றின் மேல் ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு, இரண்டு மணல் மூட்டையும் பெட்டியும் ஏற்றினார்கள். எட்மண்ட் யோசித்தான். "அக்கா, மாமாவையும் இதுமேலயே உட்கார வை. பலகை வழியா உடம்புக்கே ஏறும். சத்தத்தைப் பாதிக்குக் குறைச்சிடலாம்."

நாற்காலியைப் போட்டார்கள். சுவிசேஷமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஹில்டா கீழே போய்க் காந்திமதியின் கட்டிலோரம் உட்கார்ந்து, சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிமிஷங்கள் போயின. காந்திமதி கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"சீக்கிரம் போடச் சொல்லுங்கக்கா. காத்துக்கிட்டிருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு."

அரிகிருஷ்ணன் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பத்து நிமிஷமா ஓடிக்கிட்டிருக்கு," என்றார்.

ஹில்டா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதாள். காந்திமதிதான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"ஜன்னல் கம்பி லேசா முனகுது," என்றார் அரிகிருஷ்ணன். "அது பரவாயில்ல. பிரசவம் வரைக்கும் தினம் ஒரு மணி நேரம் போட்டுக்கங்க. காலி பண்றதைப் பத்திப் பேச வேணாம்."

ஹில்டா மாடியேறி, அதைத் தாளில் எழுதி நீட்டினாள். சுவிசேஷமுத்து கால்களைப் பலகையிலிருந்து எடுக்காமலே படித்தார்.

"ஒரு மணி நேரம் போதும்!" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.