கிளாஸ் அரை விரல் ஏறியிருந்தது

1

இது திருட்டுக் கதை. என் அறைத்தோழி சொன்னது. சொல்லி முடித்ததும், "இத எழுதித் தொலைச்சிடாத" என்றாள். நான் தலையாட்டினேன். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

அவளைப் பென்சில் என்று கூப்பிடுவோம். காதில் எப்போதும் ஒன்று சொருகியிருக்கும். படப்பிடிப்பில் கன்டின்யூட்டி பார்க்கிறாள். ஒரு டேக்கில் சட்டைப் பொத்தான் திறந்திருந்தால் அடுத்த டேக்கிலும் திறந்திருக்க வேண்டும். கிளாஸில் முக்கால் இருந்தால் முக்கால். அவளுடைய அப்பா நடிகர்.

2

முதல் தொடக்கம்: புகழின் உச்சியிலிருந்து விழுந்த அந்த மனிதரின் கண்களில்

வேண்டாம். யார் விழுந்தாலும் உடனே கண்களுக்கு ஓடுகிறோம்.

இரண்டாம் தொடக்கம்: இருபது வருடம் திரையில் குடிகாரனாகவே நடித்தவர். ரசிகர்கள் கொடுத்த பட்டம் 'தள்ளாட்டச் சக்கரவர்த்தி'. சக்கரவர்த்தி வீட்டிலும் ஒத்திகை பார்த்தார். ஒரு விருது விழாவில் வேறு யாரையோ கூப்பிட, இவர் மேடையேறிப் பதினொரு நிமிடம் நன்றி சொல்லி, அழுது, விருதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். நாடே பார்த்தது. [நானும் பார்த்தேன். நாலு தடவை.]

அப்புறம் சிகிச்சை. இரண்டு வருடமாகச் சொட்டு கிடையாது. இப்போது அந்த அவமானத்தையே எட்டு பாகத் தொடராக எடுக்கிறார்கள். அவராக அவரே நடிக்கிறார்.

3

பென்சில் அந்தத் தொடரில் சேர்ந்ததே காவல் காக்கத்தான். முதல் நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"ஷூட்டிங் முடியுறவரைக்கும் தொடலன்னா வீட்டுக்கே வந்துடறேம்ப்பா. ஒரு சொட்டு உள்ள போச்சு, அப்புறம் நான் உங்க பொண்ணே இல்ல."

"உங்கம்மா மாதிரியே மெரட்டுற."

"அம்மா மெரட்டல. போயிட்டாங்க."

காலை பத்து மணி. விருது விழா அன்று அவர் தங்கிய ஹோட்டல் அறை மாதிரி செட். மேசையில் கிளாஸ், உள்ளே பால் ஊற்றாத டீ. நீங்கள் திரையில் பார்க்கும் விஸ்கியெல்லாம் ஆறிப்போன டீதான்.* ஆறு டேக் போயிற்று.

"சார், தள்ளாட்டம் இன்னும் கொஞ்சம் நேச்சுரலா..." என்றார் இயக்குநர்.

"தம்பி, அன்னிக்கு நான் இவ்ளோதான் தள்ளாடினேன்."

"அது நம்புற மாதிரி இல்ல சார்."

நடிகருக்குச் சுருக்கென்றது. கிளாஸைக் கையோடு எடுத்துக்கொண்டு கேரவனுக்குப் போனார். திரும்பி வந்து ஒத்திகையில் ஒரு தள்ளாட்டம் தள்ளாடினார் பாருங்கள், லைட் பிடிப்பவர்கள்கூடக் கைதட்டினார்கள். பென்சில் தட்டவில்லை. மேசைக்குத் திரும்பிய கிளாஸ், போனபோது இருந்ததைவிட அரை விரல் ஏறியிருந்தது.

செட் சாமான் பார்க்கும் அண்ணனிடம் ஓடினாள். "நீங்களாண்ணே ஊத்துனீங்க?"

"காலையிலேர்ந்து நாப்பது கிளாஸ் ஊத்திருக்கேன். என்னத்தன்னு ஞாபகம் வச்சுக்க?"

* ரம் என்றால் கூடக் கொஞ்சம் கொதிக்க வைப்பார்கள். கலை நுணுக்கம்.

4

மறைப்பானேன், அது விஸ்கியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. முடிவு ஒன்று: பென்சில் மோந்து பார்க்கிறாள், காதிலிருந்ததை உடைத்து எறிகிறாள், வெளியேறுகிறாள். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். (என் அப்பாவும் குடித்தார். ஊரறிய விழுந்தார். எட்டு பாகம் கிடக்கட்டும், எட்டு வரி எழுதக்கூட யாரும் வரவில்லை. இந்தாள் விழுந்தால் மட்டும் அது கலையா?)

முடிவு இரண்டு: டீதான். மனுஷன் அவ்வளவு நல்ல நடிகர். எழுதும்போதே கொட்டாவி வந்தது.

திருட்டை ஒப்புக்கொண்டு இரண்டையும் அவளிடம் நீட்டினேன்.

"ரெண்டுலயும் நான் மோந்து பாக்குறேன்," என்றாள்.

"பாக்கலையா?"

"இல்ல. அரை விரல் கூட இருந்துச்சு. கீழ ஊத்தினேன். அளவு சரின்னு எழுதினேன்."

"அடிப்பாவி! மோந்திருந்தா தெரிஞ்சிருக்குமேடி!"

"அதனாலதான்."

இப்படி ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கிழிப்பது?

5

நேற்றோடு படப்பிடிப்பு முடிந்தது. அப்பா வீட்டுக்குப் போகப் பென்சில் தன் பெட்டியைக் கட்டிவிட்டாள். கீழே காரில் நடிகர் வந்து ஹாரன் அடிக்கிறார். 'போகாதே' என்று ஒரு வசனம் எழுதினேன், அடித்தேன். 'போ' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். என் கையில் விட்டால் அந்தாளைக் குப்புறத் தள்ளாமல் ஓயமாட்டேன். உங்களுக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லையே? அவளோடு நீங்களே இறங்கிப் போங்கள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே அவர் பெட்டியை வாங்கக் குனிவார்; முகம் கிட்டத்தில் வரும்.

மூச்சை இழுப்பதா, பிடித்துக்கொள்வதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.