விளக்கு வைக்க வந்தவள்

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் ஜீவிதாவைப் பார்த்ததில்லை. கட்டாமலே நாலு வீட்டில் குடியிருந்து பார்த்துவிட்டாள் அவள். நாலும் ஊர்க்காரர்கள் வாசல்படி மிதிக்கவே யோசிக்கிற வீடுகள்.

கொல்லங்கோட்டில் ஃபிரோஸ் என்று ஒரு வீட்டுப் புரோக்கர் இருந்தார். அவருடைய வாப்பா பாவா ராவுத்தர் பலசரக்குக் கடை நடத்தியவர். மகனுக்குத் துவரம்பருப்பு நிறுக்கப் பொறுமையில்லை, வீடு விற்கப் போய்விட்டார். தற்கொலை நடந்த வீடு, பங்காளிச் சண்டையில் பாழடைந்த வீடு என்று யாரும் தொடாததாகத் தேடிப் பிடிப்பதுதான் அவர் தொழில். முதலில் அதில் ஒரு குடும்பத்தை வாடகையில்லாமல் குடிவைப்பார். வாசலில் கோலம் விழும், கொடியில் துணி காயும், பொழுது சாய்ந்தால் விளக்கு எரியும். சில மாதங்களில் ஊருக்குப் பழைய கதை மறந்துபோகும். இத்தனை நாள் ஒரு குடும்பம் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாங்க வருகிறவருக்கும் தைரியம் பிறக்கும். வீடு கைமாறியதும் அந்தக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும். ஜீவிதாவும் அவள் புருஷன் மாரப்பனும்தான் அந்தக் குடும்பம்.

மாரப்பன் தேங்காய் லாரி ஓட்டினான். பாதி நாள் வெளியூரில் கிடப்பான். ஆகவே பேய் வீடுகளெல்லாம் ஜீவிதாவின் தனிக்குடித்தனம்தான். கொழிஞ்சாம்பாறையில் ஒருவன் தூக்குப் போட்டுக்கொண்ட அறையில், அதே உத்தரத்துக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கினாள். ஒருத்தி விழுந்து செத்த கிணற்றில் நீர் இறைத்துச் சோறு பொங்கினாள். பயமில்லையா என்று யாராவது கேட்டால், "செத்தவங்க என்னங்க பண்ணீருவாங்க? உசுரோட இருக்கறவங்கதான் காலி பண்ணச் சொல்றாங்க" என்பாள்.

அவளுக்குத் தாங்க முடியாதது வேறு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது ஃபிரோஸின் கட்டளை. காலண்டரை ஜன்னல் கம்பியில் சாத்தி வைத்துத்தான் நாள் பார்ப்பாள். ஒரு வீட்டின் பின்னால் ஆசையாக ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டாள். அது இடுப்புயரம் வந்தபோது வீடு விற்றுப்போனது. பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனவள், கேட்டுக்கு வெளியே நின்று வீட்டுக்காரியிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டாள். யாரோ பிச்சைக்காரி என்று நினைத்து அந்த அம்மாள் சில்லறை கொடுத்தாள். அன்றைக்கு வீடு வந்து ஜீவிதா அழுதது போல் அவள் அப்பா செத்ததற்குக்கூட அழவில்லை.

ஐந்தாவது வீடு பெருமாட்டிப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிவராமகிருஷ்ணன் என்பவருடையது. மனிதர் பூனாவில் மகனோடு இருந்தார். அந்த வீட்டில் சாவு விழவில்லை, வழக்கு நடக்கவில்லை, ஒரு சண்டை சச்சரவுகூட இல்லை. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்ததுதான் அதன் ஒரே குற்றம். பின்வாசல் படியில் உட்கார்ந்தால் தென்னைகளுக்கு மேலே நெல்லியாம்பதி மலை தெரியும். மழை விட்ட காலையில் மலையின் பாறை மேல் வெள்ளைக் கோடுகளாக அருவி இறங்கும். வந்த மறுவாரமே அந்த வீட்டின் மேல் பைத்தியமாகிவிட்டாள் ஜீவிதா.

"பாய், இத எங்களுக்கே முடிச்சுக் குடுங்க" என்று ஃபிரோஸிடம் கேட்டாள்.

ஃபிரோஸ் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பரிதாபச் சிரிப்பு. "இந்த ஊட்டுக்கு ஒரு கொறையும் இல்லையேக்கா. கொறையில்லாத ஊடு உங்க கைக்கு எட்டுமா?"

அன்று முழுக்க அந்த வார்த்தை அவளைக் குடைந்தது. குறைதானே வேண்டும்?

முதலில் வந்தது துபாயிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு தம்பதி. கணவர் ஃபிரோஸோடு மொட்டை மாடிக்குப் போனதும் மனைவி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஜீவிதா டம்ளர் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்டச் சொல்லாம இருந்தா பாவமுங்க. பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துக்கு, பின்வாசல்ல ஒரு பொம்பள வந்து நிக்குமுங்க. ஒருக்கா இருமும். 'ஊட்டுல ஆருங்க?'ன்னு கேக்கும். பதில் சொல்லப்படாதுங்க. சொன்னா உள்ள வந்துரும்."

எப்படி அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. பொய் சொல்லுகிறவர்கள் யோசித்துச் சொல்வதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். நல்ல பொய்கள் தாமாகவே நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். துபாய்க்காரி கையில் வாங்கிய டீயைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவர்களுடைய கார் டிரைவர் முக்கு டீக்கடையில் சொல்ல, அங்கிருந்து சந்து முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு நாச்சம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். "அம்மிணி, நீயுங் கேட்டயா அத?"

"நீயும்னா? நீங்களுங் கேட்டீங்களா?" என்றாள் ஜீவிதா.

"எத்தன வருசமா கேக்கறேன். எங்க மாமியா இருக்கறப்பவே வருமே அது. மழக்காலத்துல ஈரக் காலோட வரும்."

ஜீவிதா முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினாள். வெறும் வாயை மெல்லுகிற கிழவிக்கு அவல் கிடைத்திருக்கிறது, மெல்லட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் ஒரே மாதத்தில் சந்தின் வழக்கமே மாறிப்போனது. பொழுது இறங்கினால் எல்லா வீட்டிலும் பின்கதவு சாத்தப்பட்டது. மங்கலில் யார் குரல் கொடுத்தாலும் பதில் பேசுவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டுமென்றால் வெளிச்சம் இருக்கும்போதே போய் வந்தார்கள். பால்காரன்கூட நேரத்தை மாற்றிக்கொண்டான்.

இன்னும் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. ஃபிரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு பேய் ஊட்ட வித்தவன் நானு. இந்த நல்ல ஊட்ட விக்க முடியலயேக்கா."  ஜீவிதாவுக்கு மனசு கொஞ்சம் குறுகுறுத்தது. ஆனால் பின்வாசலில் மலை தெரிந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் ஷிஜியும் அவள் கணவன் டிஜோவும் வந்தார்கள். மலைமேல், மாட்டுப்பட்டியையும் தாண்டி ஒரு சரிவில் சொந்த வீடு இருந்தவர்கள். டிஜோ ஃபிரோஸோடு முன்வாசலில் நின்று பேச, ஷிஜி சமையலறைக்கு வந்தாள். ஜீவிதா வழக்கமான கதையை எடுத்துவிட்டாள். ஷிஜி அசையவில்லை.

"எங்க வீட்டுப் பின்சுவர மண்ணு தள்ளிருச்சுக்கா. மழ பெஞ்சா ராத்திரி பூரா ஒக்காந்துதான் கெடப்போம். சமதரையில ஒரு வீடு கெடைச்சாப் போதும். பேயி வந்து கேட்டா கேட்டுட்டுப் போவுது." பிறகு ஜன்னலைப் பார்த்து, "பொழுது சாயப் போவுதுல்ல? இருந்து பாத்துட்டே போறேன்" என்றாள்.

ஜீவிதாவுக்குத் தெரிந்துவிட்டது, இவள் வாங்கிவிடுவாள். விளக்கைப் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். ஷிஜி மலையைப் பற்றி, குளிரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஜீவிதாவும் ஒப்புக்கு ஏதோ பதில் சொன்னாள்.

பின்கதவுக்கு வெளியே யாரோ ஒரு தடவை இருமினார்கள்.

"ஊட்டுல ஆருங்க?"

நாச்சம்மாள் விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் வெளிச்சத்திலேயே வந்துவிட்ட நாச்சம்மாள் முன்வாசலில் ஃபிரோஸிடம் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது சமையலறை வரைக்கும் கேட்டது. 

"கதவத் தொறங்க. நானுங்க."

பயமுறுத்துகிற குரல் இல்லை அது. களைத்துப்போன, உள்ளே வந்துவிட வேண்டும் என்று தவிக்கிற ஒரு பெண்ணின் குரல். ஷிஜி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஜீவிதா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள், பல் உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு அழுத்தி. மறு கையால் விளக்கை அணைத்தாள். இருட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நெடுநேரம் நின்றுகொண்டிருந்தது போலிருந்தது.

போகும்போது ஷிஜியின் முகம் வெளுத்திருந்தது. "பேயிக்கு நான் பயப்படலக்கா" என்றாள். "அது அவ்வளவு பாவமா கேக்குது. அதுக்குப் பதில் சொல்லாம எத்தன நாளைக்கு ஒரு வீட்டுல இருக்க முடியும்?"

புத்தியுள்ளவள் அன்றைக்கே பாயைச் சுருட்டியிருப்பாள். ஜீவிதாவும் சுருட்டத்தான் எடுத்தாள். ஆனால் மறுநாள் ஃபிரோஸ் வந்து, பூனாக்காரருக்கு வெறுத்துவிட்டதாகவும், வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். "இனி இத ஆரு வாங்கப் போறாங்க? நீங்களே எடுத்துக்கங்கக்கா" என்றார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். தோப்புக்குள் போன யாரோ வழி தவறி வந்து கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும். அவ்வளவுதான்.

மாரப்பன் சீட்டுப் பணத்தை எடுத்தான், அவள் சங்கிலியைக் கழற்றினாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்தானதும் ஃபிரோஸ் மனதாரச் சொன்னார்: "இனி ஆணி அடிச்சுக்கங்க." மாரப்பன் அங்கிருந்தே லோடு ஏற்றப் போய்விட்டான், விடியற்காலை வந்துவிடுவதாகச் சொல்லி. ஜீவிதா தனியாக வந்தாள். முன்கதவைத் தாழிட்டுக்கொண்டு, முன்னறைச் சுவரில் ஓர் ஆணியை அடித்தாள். காலண்டரை மாட்டினாள். ஒன்றுக்கும் இல்லாமல் அழுகை வந்தது. வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்தாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் கொடியில் துணி கிடப்பது நினைவுக்கு வந்தது. பின்வாசல் வழியாக இறங்கினாள். காற்று தென்னைகளை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. துணியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது பின்கதவு சாத்தியிருந்தது. காற்று என்று நினைத்துத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எந்தக் காற்று தாழ்ப்பாள் போடும்?

சமையலறை விளக்கு எரிந்தது. அவள் போடவில்லை. உள்ளே டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

முன்பக்கம் ஓடினாள். அந்தக் கதவை அவளே தாழிட்டிருந்தாள். போன் உள்ளே கிடந்தது. வேலியோரம் போனாள். நாச்சம்மாளும் மருமகளும் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, நானுங்க. ஜீவிதா. ஊட்டுக்குள்ள ஆரோ இருக்கறாங்க."

இருவர் கையும் நின்றது. இருவருமே நிமிரவில்லை. நாச்சம்மாள் மருமகளின் முழங்கையைப் பிடித்தாள். "பதில் பேசாத. பாக்காத. உள்ள போலாம், எந்திரி." பிறகு மெல்ல, "இப்பப் பேரெல்லாஞ் சொல்லுது பாரு" என்றாள்.

கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். ஜீவிதா சந்தில் ஓடினாள். அவள் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்திக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை. அந்தப் பழக்கத்தைச் சந்துக்குக் கொடுத்தவளே அவள்தான்.

வேறு போக்கிடம் இல்லாமல் தன் வீட்டுப் பின்வாசலுக்கே வந்தாள். உள்ளே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் மலைக்காட்டுத் தமிழில் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஷிஜியின் குரல். அதற்கு ஒப்புக்குப் பதில் சொன்ன மற்றக் குரல் யாருடையது என்று பிடிபடச் சற்று நேரமானது. தன் குரலை வெளியே நின்று கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

தொண்டை வறண்டு, அடக்க முடியாமல் ஒரு தடவை இருமிவிட்டாள். உள்ளே பேச்சு நின்றது.

என்ன சொன்னாலும் திறக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வீடு அவளுடையது. கேட்காமல் எப்படி இருப்பது?

"ஊட்டுல ஆருங்க?" என்றாள். காத்திருந்தாள். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கதவத் தொறங்க. நானுங்க" என்றாள்.

விளக்கு அணைந்தது. ஷிஜி இந்நேரம் பதில் சொல்ல வாயெடுத்திருப்பாள். அன்றைக்கு அந்த வாயைத் தன் கை எவ்வளவு அழுத்திப் பொத்தியது என்பது ஜீவிதாவுக்கு நன்றாக நினைவிருந்தது.